கலர் உங்கள் இஷ்டம்

முதல் பார்சல் திரும்பி வந்த காலையில் நான் கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தபால்காரர் பேச்சிமுத்து அண்ணன் எப்போதும் மணியை அடித்துவிட்டு, "நைட்டிக்காரம்மோவ்!" என்று தெருவுக்கே கேட்க ஒரு குரல் விடுவார். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காத மனுஷன், என் வீட்டுக்காரர் மௌத்தாகிக் கண்ணை மூடிய நாளிலிருந்து மணியும் அடிப்பதில்லை, குரலும் கொடுப்பதில்லை. தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். மாமி, என் வீட்டுக்காரரைப் பெற்றவர், போய் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். காடாத்துணியில் பொதிந்து, நான் ஓரம் தைத்து அரக்கு வைத்து அனுப்பிய அதே பொட்டலம். மேலே சிவப்பு மையில் 'வாங்க மறுப்பு' என்று எழுதியிருந்தது. வி.பி.பி. வியாபாரத்தில் இது சகஜம். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். சில வீடுகளில் அன்றைக்குக் கையில் காசு இருக்காது, சில வீடுகளில் புருஷன்காரன் வாசலில் நிற்பான். சில ஊர்த் தபால்காரர்கள் ஓரத்தைப் பிரித்துப் பார்க்க விடுவார்கள், பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. பொட்டலத்தை மூலையில் போட்டுவிட்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்தேன்.

எங்கள் கடைக்கு வாசல் கிடையாது. போர்டு கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது. ராஜபாளையத்தில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், இரண்டு கட்டு வீட்டின் உள் அறைதான் கடை. வாடிக்கைக்காரர்களில் ஒருத்தி முகத்தையும் நான் பார்த்ததில்லை. இந்த யோசனை முழுக்க என் வீட்டுக்காரருடையது. அவர் பெயர் சேக் முகைதீன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் தம்பி காதர் வைத்திருக்கும் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக நின்றார். அண்ணன் சம்பளத்துக்கு, தம்பி கல்லாவில். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் நைட்டி என்கிற சாமான் கடைகளில் தொங்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது சொன்னார்: "நூரு, பொம்பளைக வாராக. நைட்டியப் பாக்காக. பொறவு என் மூஞ்சியப் பாக்காக. ரெண்டு தலைகாணி உறைய வாங்கிக்கிட்டுப் போயிருதாக." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தன் மூஞ்சி இல்லாத கடை ஒன்று வைத்தால் என்ன என்று அப்புறம் கேட்டார்.

அப்படித்தான் வந்தது 'நூர் நைட்டீஸ்'. வார இதழில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளம்பரம். பொம்பளைப் பேர் இருந்தால்தான் பொம்பளைகள் எழுதுவார்கள் என்று என் பெயரில் போட்டார். விலாசம் எழுதிக் கேட்டவர்களுக்கு, துண்டுத்துணிகளை வரிசையாக ஒட்டிய அட்டை ஒன்றை அனுப்புவோம். அளவும் நிறமும் எழுதிப் போட்டால் தைத்த நைட்டி தபாலில் போகும். "ஆளு மொகத்தப் பாக்காம ஒரு யாவாரமா? கேக்கவனும் கேணையன், விக்கவனும் கேணையன்" என்றார் காதர் தம்பி. ஆனால் எழுதினார்கள். தேனியிலிருந்து, சாத்தான்குளத்திலிருந்து, நான் வரைபடத்தில்கூடப் பார்க்காத ஊர்களிலிருந்து எழுதினார்கள். துணி வாங்கப் போவதும் பார்சல் கட்டிப் போடுவதும் அவர் வேலை. வெட்டுவது நான். தைப்பது மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் அய்யம்மாள்.

நாள் போகப்போக ஒரு விசித்திரம் நடந்தது. துண்டுத்துணி ஒட்டுவதற்கு நான் படாத பாடு பட்டிருக்க, அட்டையை யாரும் சட்டை பண்ணுவதில்லை. 'மார்பு இத்தனை, உயரம் இத்தனை, கலர் உங்கள் இஷ்டம் அக்கா' என்று எழுதினார்கள். ஒருத்தி இல்லை, முக்கால்வாசிப் பேர். ஊரில் எதற்கும் இஷ்டம் கேட்கப்படாத பொம்பளைகள், கேட்கிற இடத்திலும் என் தலையில் கட்டினார்கள். நானும் சளைக்கவில்லை. கடிதம் பூரா மாமியாரைத் திட்டினவளுக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு அனுப்பினேன். கொஞ்சம் தைரியம் வரட்டும். பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்தவளுக்கு மாந்துளிர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிறவளுக்கு, கறை தெரியாத கத்திரிப்பூ. கலர் பிடிக்கவில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வராது. 'எப்படி அக்கா தெரிந்தது' என்று எழுதுவார்கள். அந்த வரியை அவர் சத்தம் போட்டு வாசிப்பார். எனக்குத் தலைகால் புரியாது, பொய் சொல்வானேன்.

மதுரைக்குத் துணி எடுக்கப் போய்த் திரும்புகையில் அவர், பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்தாராம், சாய்ந்தாராம். தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மழை. யாரோ ஒரு புண்ணியவான் துணிக்கட்டையும் பத்திரமாகத் தோளில் சுமந்துவந்து அவர் தலைமாட்டில் வைத்தான். நான் முதலில் துணிக்கட்டைத்தான் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருக்கிறதா என்று. அப்புறம்தான் அவரைத் தொட்டேன். கூடியிருந்த பொம்பளைகள் அழு அழு என்றார்கள். அழுதுவிடுட்டி, நெஞ்சுக்குள்ள கட்டிக்கிரும் என்றார்கள். வந்தால் அழமாட்டேனா? வரவில்லை. மூன்றாம் நாள் பாத்திஹா ஓத வந்தவர்கள் போன பின், தரையில் சிந்தியிருந்த பூந்தியை எறும்பு இழுத்துப் போவதை மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கம் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன். மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் தரை தெரியாதே, அப்படித்தான் இருந்தது எல்லாம்.

இத்தா உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது; வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலுக்குப் படுதா போட்டார்கள். காதர் தம்பி படுதாவுக்கு வெளியே நின்று மாமியிடம் பேசினார். "கடைய ஏறக்கட்டிருவோம்மா. துணியெல்லாம் நம்ம கடைக்குக் கொண்டு போயிருதேன். மதினிய நான் கைவிட்டுற மாட்டேன். நம்ம வீட்டுல ஒரு தட்டு கூட வச்சா என்ன கொறஞ்சிரும்?" நல்ல மனுஷர்தான். அதுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் எதிர்த்து நிற்கலாம். எனக்குப் பிள்ளை கிடையாது. கடை போய்விட்டால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் பெண்சாதியின் அடுப்படியில் மீதி ஆயுசுக்கும் வெங்காயம் உரிக்க வேண்டும். அவள் முகம் சுளிக்க மாட்டாள், நல்லவள். ஆனாலும் அது அவள் அடுப்படி. என் பெயர் போட்டு உலகத்தில் இருக்கிற ஒரே காரியம் இந்தக் கடைதான். மாமியை விட்டுப் பள்ளிவாசல் அஜரத்திடம் கேட்கச் சொன்னேன். வீட்டுக்குள் இருந்தபடி கைத்தொழில் பார்க்கத் தடையில்லை என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால், இத்தா இருக்கிறவள் நடத்துவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கடை. யார் முகத்தையும் நான் பார்க்க வேண்டாம், என் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம். காதர் தம்பியும் சரி, கொஞ்ச நாள் பார்ப்போம் என்று போனார்.

எழுந்தேன், தொழுதேன், வெட்டினேன். அய்யம்மாள் தைத்தாள், பார்சலையும் அவளே கொண்டுபோய்ப் போட்டாள். கடிதங்கள் வந்தன. 'கலர் உங்கள் இஷ்டம் அக்கா.' அலமாரியைத் திறப்பேன், கைக்கு வந்த துணியை எடுப்பேன், வெட்டுவேன். அந்த நாட்களைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டேனா என்று மாமியைத்தான் கேட்க வேண்டும்.

பார்சல்கள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அந்த வாரமே இன்னும் சில, அப்புறம் பேச்சிமுத்து அண்ணன் சாக்கில் போட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. திருமங்கலத்துக்காரி ஒருத்தி கார்டு போட்டிருந்தாள்: 'உங்களை அக்காவாக நினைத்தேன். என் மாமியார் பொட்டலத்தைத் தெருவில் எறிந்துவிட்டார்கள். இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.' எப்படிச் செய்தேன் என்று அவள் எழுதவில்லை. அவர் செத்த சேதி எப்படியோ வெளியே தெரிந்து, தாலியறுத்தவள் கைபட்ட துணி என்று ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொட்டலங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வெட்டி நான் பொதிந்ததுதானே, புதிதாக என்ன இருக்கப்போகிறது? மூலையில் அடுக்கினேன். அடுக்கு ஜன்னலை மறைத்தது.

காதர் தம்பி படுதாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "போதும்மா. அண்ணன் பேரக் கெடுத்துக்கிட வேண்டாம். வெள்ளிக்கெழம ஜும்ஆத் தொழுக முடிஞ்சதும் டெம்போ கொண்டாரேன்." மாமி உள்ளே வந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெண்பிள்ளைக் குரல் கேட்டது. "இங்க நூருங்கறது யாரு? நூர் நைட்டீஸ் இதுதானே?" மாமி பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். வரும்போதே பேச்சு. "வத்திராயிருப்புலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரேன். லீவு போட்டுட்டு வந்திருக்கேன். தபால்ல திருப்பி அனுப்பியிருப்பேன், ஆனா நேர்ல ரெண்டு வார்த்தை கேக்காம எனக்கு ஆறாது. பேரு வஞ்சுளவல்லி. ஸ்கூல் விலாசத்துக்கு அனுப்புவேளே, அது நான்தான்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். 'கலர் உன் இஷ்டம், ஆனால் அடக்க ஒடுக்கமாக மட்டும் வேண்டாம்' என்று எழுதுகிற ஒரே ஆள். வாடாமல்லி, ராமர் பச்சை, கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு என்று தேடித் தேடி அனுப்புவேன். புதிதாகக் கல்யாணமான டீச்சர் ஒருத்தி, துடுக்குக்காரி, மூக்கில் பேசரி என்றெல்லாம் மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். அறை வாசலில் வந்து நின்றவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளிறிய வெள்ளைப் புடவை. நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை.

அவளும் என்னைப் பார்த்தாள். என் வெள்ளையைப் பார்த்தாள். பேச்சு நின்றது. "எப்போ?" என்றாள்.

"ரெண்டு மாசமாச்சு."

இன்னொருத்தியாக இருந்தால் அய்யோ பாவம் என்று உட்கார்ந்து என் கையைப் பிடித்திருப்பாள். இவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு நைட்டியை உருவி என் மடியில் போட்டாள். வெள்ளை பாப்ளின். பளீரென்று, கோடித்துணி மாதிரி.

"தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்கோ. ஆனா கேட்டுடறேன். வெள்ளை எங்காத்துலயே வண்டி வண்டியா கெடக்கு. வெளியில நான் என்ன கலர்னு ஊரே தீர்மானம் பண்ணிடுத்து. சரின்னு விட்டுட்டேன். ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுண்டப்புறம் நான் என்ன கலர்னு நீதான் தீர்மானம் பண்ணிண்டிருந்தே. எங்க மச்சினருக்குத் தெரியாது, ஓரகத்திக்குத் தெரியாது, உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீயுமாடி வெள்ளை அனுப்புவே?"

நான் நைட்டியைத் திருப்பிப் பார்த்தேன். என் வெட்டுதான். கழுத்துப்பட்டி நான் வைப்பது போலவே ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "நான் பாக்கலம்மா" என்றேன். "சத்தியமா நான் பாக்கல."

பிளேடை எடுத்து அடுக்கிலிருந்த பொட்டலம் ஒன்றைக் கிழித்தேன். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. உள்பாவாடைக்கென்று அவர் மொத்தமாக எடுத்துப் போட்டிருந்த பாப்ளினை, சிவப்பையும் பச்சையையும் தாண்டிக் கைவிட்டு, ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்கிறேன். திருமங்கலத்துக்காரிக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். புதுப்பெண்ணுக்கு அக்கா அனுப்பிய சீர் வெள்ளை. அவள் மாமியார் தெருவில் எறியாமல் என்ன செய்வாள்? கிழித்துக் கிழித்துப் போட்டேன். அறை முழுக்க வெள்ளை விழுந்து கிடந்தது, அவரைக் கொண்டு போன அன்று இந்த அறையில் அவரைப் பொதியத் துணி கிழித்துப் போட்டிருந்தார்களே, அப்படி. வெட்கமாக இருந்தது. காது சூடேறிற்று. இரண்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அழுகை இல்லை, வெட்கம்.

தையல் மிஷினில் இருந்த அய்யம்மாளைப் பார்த்தேன். அவள் குனிந்துகொண்டாள்.

"நீ தச்சவதானே? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"ஆசுபத்திரி ஆர்டர்னு நெனச்சேன்க்கா" என்றாள். பிறகு அவளே, "அப்படி நெனக்கல. தெரிஞ்சிச்சு. நீங்களே வெள்ளையச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கிய. உங்ககிட்ட வந்து வெள்ள ஆவாதுன்னு எந்த வாயால சொல்ல?" என்றாள்.

மாமி சுவரோடு சாய்ந்து நின்றார். "எனக்கும் தெரியும்ட்டி. நீ பொதியும்போதே பாத்தேன். சொன்னா ஒன்னக் குத்திக்காட்டுன மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன்." படுதாவுக்கு வெளியே தினமும் தொண்டையைச் செருமினாரே பேச்சிமுத்து அண்ணன், அவருக்கும் தெரிந்திருக்கும், பிரிந்த பார்சலைத் தபாலாபீஸில் மறுபடி தைத்துத்தானே கொண்டுவருவார்கள். எல்லோரும் எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். அந்த மரியாதையில் என் கடை போய்க்கொண்டிருந்தது.

வஞ்சுளவல்லி தரையில் கிடந்ததையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நன்னாயிருக்கு போ" என்றாள். "ஊர்ல இருக்கறவாளை எல்லாம் கைம்பொண்ணாக்கிட்டே." சொல்லிவிட்டு அவளுக்கே பகீரென்று ஆகி வாயைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. மாமி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அய்யம்மாளின் தம்பி சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவள் சாயப்பொடியோடு வந்தாள். தர்கா கந்தூரிக்குச் சோறாக்குகிற அண்டாவைப் பின்கட்டில் அடுப்பேற்றினோம். கல் உப்பு, கொதிக்கிற தண்ணீர், ஒரு பொட்டலம் வாடாமல்லி. மாமிக்குத் தாளவில்லை. "ஏட்டி, இத்தாவுல கலர்ல கைய வைக்கலாமா?" என்றார். "உடுத்தத்தான் கூடாது மாமி. முக்கக் கூடாதுன்னு அஜரத்து சொல்லலியே" என்றேன். கேட்டு வரட்டுமா என்று எழுந்தவர், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்து நைட்டிகளை உதறிக் கொடுக்க ஆரம்பித்தார். கம்பால் கிளறி, போதாமல் கையை விட்டுப் புரட்டினேன். சுட்டது. நன்றாகவே சுட்டது. முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. அடுத்து மயில் நீலம், அடுத்து பச்சை. கொடி கொள்ளவில்லை. வெள்ளையாக ஒன்றை மட்டும் விடச் சொல்லி மனது கேட்டது, விடவில்லை. அதையும் முக்கினேன். அப்போது அழுகை வந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது. மூக்கைத் துடைக்க முடியவில்லை, கையெல்லாம் சாயம்.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வாசலில் டெம்போ வந்து நின்றது. "அம்மா, துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?" என்றார் காதர் தம்பி.

மாமி என்னைப் பார்த்தார். அவர் வழியாகத்தான் இத்தனை நாளும் பேச்சு. நான் எழுந்து உள்கட்டு வரைக்கும் வந்தேன். "டெம்போவத் திருப்பி அனுப்பிருங்க தம்பி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, பெரிதாக இருந்தது.

"மதினி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். "ஒரு தடவ ஏமாந்தவ மறுபடி வாங்குவாளா? கலர் உங்க இஷ்டம்னு இனி எவ எழுதுவா?"

வஞ்சுளவல்லி ஒருத்தி வாங்குவாள். திருமங்கலத்துக்காரி கார்டு போடுவாளோ, பொட்டலத்தைப் பார்த்ததும் மறுபடி தெருவில்தான் எறிவாளோ. தெரியாதுதான். தெரியாது என்று அவரிடம் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. பின்கட்டுக்குப் போனேன். அய்யம்மாளும் நானும் அண்டாவின் காதை ஆளுக்கொரு பக்கம் பழந்துணியால் பிடித்துச் சாய்த்தோம். வேலை முடிந்த சாயத்தண்ணீர் ஆவி பறக்க முற்றத்தில் இறங்கி, சுவரோரச் சாக்கடையில் திரும்பி, வாசற்படிக்கு அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத் தெருவுக்குப் போயிற்று. "யா அல்லா" என்று வெளியே யாரோ துள்ளினார்கள். படுதாவுக்குக் கீழே காதர் தம்பியின் கால்கள் தெரிந்தன. ஜும்ஆவுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கமும் சுற்றிப் போக, வீட்டுப் பக்கம் வைப்பதா டெம்போப் பக்கம் வைப்பதா என்று தெரியாமல், ஒரு கால் அந்தரத்தில் நின்றது.